வெளிநாட்டுப் பயணமா? பாலிசி ஃபைலைத் திறந்து பாருங்கள்!

விமான டிக்கெட், ஹோட்டல் ரூம், விசா விண்ணப்பம் என எல்லாவற்றையும் இப்போது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்து விடுகிறோம். டிராவல் இன்ஷூரன்ஸும் அப்படித்தான். டிக்கெட் புக் செய்யும் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் செய்தால் கட்டணம் கொஞ்சம் கூடும். பாலிசி இ-மெயிலில் வந்து சேரும். இரண்டு நிமிட வேலை!

ஆனால் அந்தப் பாலிசி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? வெளிநாட்டில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் லட்சக்கணக்கில் வரலாம். அந்த நேரத்தில் பாலிசியைப் புரட்டிப் பயனில்லை. பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். பக்கம் பக்கமாக இருக்கும் அந்த ஃபைலை முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையா? கவலை வேண்டாம். கம்ப்யூட்டர் இருக்கும்போது தேடிப் படிக்கலாமே! அதற்கு நான் பின்பற்றும் வழியை இங்கே சொல்கிறேன்.

எந்த ஃபைலைப் பார்ப்பது?

கலர் படங்களுடன் வரும் பிரவுச்சர் வெறும் விளம்பரம்தான். நமக்கு வேண்டியது பாலிசி வேர்டிங் எனப்படும் விதிமுறை ஃபைல். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வெப்சைட்டில் டவுன்லோட்ஸ் பகுதியில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். அதை டவுன்லோட் செய்து திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்துங்கள். தேடும் கட்டம் வரும். கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லை அதில் டைப் செய்து பாருங்கள். அந்தச் சொல் சிக்கவில்லை என்றால் ஃபைல் ஸ்கேன் செய்த படமாக இருக்கும். கம்பெனிக்கு மெயில் அனுப்பி வேறு காப்பி கேளுங்கள்.

சரி, எந்தச் சொற்களைத் தேடுவது? கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள்.

1. எக்ஸிஸ்டிங்

பாலிசி எடுக்கும் முன்பே இருக்கும் நோய்களைப் பிரீ எக்ஸிஸ்டிங் என்பார்கள். இரண்டு சொற்களுக்கும் நடுவில் சில ஃபைல்களில் கோடு இருக்கும், சிலவற்றில் இருக்காது. எனவே பின்பாதியை மட்டும் தேடினால் எல்லா இடமும் சிக்கும். பல பாலிசிகள் பழைய நோய்க்குப் பணம் தருவதில்லை. சில பாலிசிகள் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், ஒரு வரம்புக்குள் தருகின்றன.

சென்ற ஆண்டு என் சித்தப்பாவும் சித்தியும் ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பாலிசி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. சித்தப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. படிவத்தில் அதை நான் டைப் செய்வதைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா அதையெல்லாம் போடறே? பிரீமியம் ஏறிடும்" என்றார். "ஏறினா ஏறட்டும் சித்தப்பா. மறைச்சிட்டு எடுத்தா, அங்க ஒண்ணுன்னா நீங்க சாப்பிடற மாத்திரையே காட்டிக் கொடுத்துடும். கட்டின பணமும் வீண்" என்றேன். அரை மனதுடன் தலையாட்டினார். பிரீமியம் ஏறத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாலிசியில் மாரடைப்பு போன்ற அவசரத்துக்குச் சிகிச்சைச் செலவு உண்டு என்று தெளிவாக இருந்தது.

பெற்றோருக்குப் பாலிசி எடுக்கும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம். நோயை மறைத்து எடுத்த பாலிசியைக் காட்டி கிளெய்ம் கேட்டால் கம்பெனி மறுக்க வழி உண்டு.

2. டிடக்டிபிள்

நம் கையிலிருந்து போகும் முதல் தொகை இது. டிடக்டிபிள் 100 டாலர் என்றிருந்தால், 80 டாலர் டாக்டர் பில்லுக்கு ஒன்றும் கிடைக்காது. 500 டாலர் பில் என்றால் 400 கிடைக்கும்.

3. லிமிட்

முதல் பக்கத்தில் பாலிசித் தொகை 50,000 டாலர் என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே போனால் ரூம் வாடகைக்கு இவ்வளவு, ஐ.சி.யூ.வுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு இருக்கலாம். முக்கியமாக, வயதானவர்களுக்கான சில பாலிசிகளில் இது உண்டு. வரம்பைத் தாண்டிய தொகையை நாம்தான் கட்ட வேண்டும்.

4. எக்ஸ்குளூஷன்

எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியல் இங்கே இருக்கும். குடித்துவிட்டு நேர்ந்த விபத்து, பாராசெயிலிங், ஸ்கூபா, பனிச்சறுக்கு போன்ற சாகச விளையாட்டுகள் பெரும்பாலும் இதில் வரும். தாய்லாந்துக்கும் பாலிக்கும் போகும் இளைஞர்கள் அங்கே வாடகை ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். இந்தப் பெர்மிட்டை நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகமே தருகிறது.

5. டெரிட்டரி

எந்தெந்த நாடுகளில் பாலிசி செல்லும் என்பது. அமெரிக்கா, கனடா நீங்கலாக என்று தனிப் பாலிசிகள் உண்டு. விலை குறைவு. திட்டத்தில் நியூயார்க்கும் இருந்தால் இது உதவாது.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்குத் தனி விதி இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கட்டாயம். அவசரச் சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, நோயுற்றவரையோ இறந்தவர் உடலையோ ஊருக்குக் கொண்டு வரும் செலவு ஆகியவை அதில் அடங்க வேண்டும். தங்கும் நாட்கள் முழுவதும், 29 ஷெங்கன் நாடுகளிலும் பாலிசி செல்ல வேண்டும். 30,000 டாலர் பாலிசியை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். யூரோவும் டாலரும் ஒன்றல்ல!

அமெரிக்க டூரிஸ்ட் விசாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் மருத்துவச் செலவு மிக அதிகமாக இருக்கும் நாடு அதுதான். கட்டாயம் இல்லை என்பதால் விட்டுவிட வேண்டாம்.

ஒரு ஃபோல்டர், மூன்று இடம்

அடுத்து டெஸ்க்டாப்பில் பயணத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, டிக்கெட், பாலிசி, டாக்டரின் மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஸ்கேன் செய்து போடுங்கள். மருந்துச் சீட்டில் மாத்திரையின் பிராண்ட் பெயருடன் மூல மருந்தின் பெயரும் இருக்கட்டும். நம் ஊர் பிராண்ட் வெளிநாட்டு டாக்டருக்குத் தெரியாது.

கூடவே ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். அதில் பாலிசி எண், கம்பெனியின் 24 மணி நேர வெளிநாட்டு உதவி எண், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண், அவசர போலீஸ், ஆம்புலன்ஸ் எண் இருக்க வேண்டும். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் அவசர எண் 112. சில டோல் ஃப்ரீ எண்கள் இந்தியாவில் மட்டுமே வேலை செய்யும். எனவே நாட்டுக் குறியீட்டுடன் கூடிய எண்ணைத் தேடி எழுதுங்கள்.

இந்த ஃபோல்டரின் காப்பி மூன்று இடத்தில் இருக்கட்டும். மொபைலில் ஒன்று (இன்டர்நெட் இல்லாமலே திறக்க வேண்டும்), உங்கள் மெயிலில் ஒன்று, ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று. அந்த ஒரு பக்கத் தாளை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வையுங்கள். ஹோட்டல் லாபியில் உள்ள கம்ப்யூட்டரில் பேங்க் அக்கவுண்டைத் திறக்கவே வேண்டாம்.

போலி வெப்சைட் ஜாக்கிரதை

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போகும் முன் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாட்டிலும் இது இலவசம். ஆனால் தேடுபொறியில் தேடினால் அதே தோற்றத்தில் பணம் கேட்கும் வெப்சைட்டுகளும் வருகின்றன. பணத்துடன் பாஸ்போர்ட் விவரமும் போய்விடும். முகவரியின் முடிவைப் பாருங்கள். சிங்கப்பூர் என்றால் ஜிஓவி டாட் எஸ்ஜி, மலேசியா என்றால் ஜிஓவி டாட் எம்ஒய், தாய்லாந்து என்றால் ஜிஓ டாட் டிஹெச் என்று முடிய வேண்டும்.

கார்டு விஷயம் ஒன்று. ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி 2020 மார்ச் 16 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவில் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன. கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து, தினசரி வரம்பும் போடுங்கள். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம்மைக் கழற்றாதீர்கள்.

அங்கே ஏதாவது நடந்தால்?

ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் உடனே உதவி எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். பில் நேரடியாகக் கம்பெனிக்குப் போக வேண்டுமானால் இது அவசியம். எல்லா பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போட்டோ எடுத்து, ஒரிஜினலையும் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டி வரவில்லையா? ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும் முன்பே விமானக் கம்பெனியின் கவுன்டரில் புகார் பதிந்து, பி.ஐ.ஆர். எனப்படும் அறிக்கையின் நகலை வாங்குங்கள். சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. பிராங்பர்ட்டில் இறங்கினால் பெட்டி இல்லை. "நாளைக்கு வீட்டுக்கே வந்துடும், நீங்க போங்க" என்று கவுன்டரில் சொல்லியிருக்கிறார்கள். என் ஒரு பக்கத் தாளில் இருந்ததைக் காட்டிச் சித்தி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அரை மணி நேரத்தில் அறிக்கை கைக்கு வந்தது. பெட்டி வந்ததோ மூன்றாம் நாள். வாங்கிய ஸ்வெட்டர், உடைகளுக்கான பில்லுடன் அந்த அறிக்கையையும் இணைத்துக் கொடுத்ததால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைத்தது. மாத்திரைகள் கைப்பையில் இருந்ததால் சிகிச்சை தடைப்படவில்லை.

விமானக் கம்பெனியும் பொறுப்புதான். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள், தாமதமானால் பெட்டி கைக்கு வந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். மெயிலே போதும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலுடன் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். ஊர் திரும்ப மட்டும் உதவும் எமர்ஜென்சி சர்டிபிகேட் தருவார்கள். ஸ்கேன் காப்பி இருந்தால் வேலை சுலபம். தூதரகத்தில் குறை இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற வெப்சைட்டில் பதியலாம்.

கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பலன் இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா வெப்சைட்டில் புகார் செய்யலாம். அதன் பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

இந்த லீவுக்குப் புறப்படுகிறவர்கள் இன்று இரவே பாலிசி ஃபைலைத் திறந்து அந்த ஐந்து சொற்களையும் தேடிப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. புரியாத வரி இருந்தால் கம்பெனிக்கு மெயில் அனுப்பிப் பதிலை எழுத்தில் வாங்கி அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.