தொட்டிலும் தொடர்கதையும்

குழந்தை பிறந்தபின் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை என்று சொல்லும் பெற்றோர், அதற்குக் காரணமாகப் பெரும்பாலும் நேரமின்மையையே சுட்டுகின்றனர். அது பொய்யான காரணமன்று. ஆயினும் முழுமையான காரணமும் அன்று. பள்ளி வேன் வரும்வரை தெருமுனையில் நிற்கும் பத்து நிமிடம், பாட்டு வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருக்கும் முக்கால் மணி நேரம், குழந்தை உறங்கியபின் கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளிக் கரையும் இரவுப் பொழுது ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் நேரம் ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. அது ஒரே நீட்சியாகக் கிடைப்பதில்லை என்பதே சிக்கல். கல்லூரிக் காலத்தில் ஒரு நாவலை இரண்டே இரவுகளில் முடித்துப் பழகிய மனம், இத்தகைய துண்டு நேரங்களை வாசிப்புக்குரியவையாகக் கருதுவதே இல்லை. ஆனால் நவீனத் தமிழ் வாசிப்பின் பெரும்பகுதி இதுபோன்ற துண்டு நேரங்களில்தான் வளர்ந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்தச் சிக்கலுக்கான விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை.

முதலில், இழப்பு எங்கே நேர்ந்துள்ளது என்பதைச் சற்று உற்று நோக்க வேண்டும். மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 'கவன எச்சம்' என்னும் கருத்தை முன்வைத்தார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்குத் தாவுகின்றவரின் கவனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுவதையும், அதனால் புதிய வேலையில் முழுமையாக ஈடுபட முடியாமல் போவதையும் இச்சொல் குறிக்கிறது. அவர் ஆராய்ந்தது அலுவல் சார்ந்த பணிகளையே என்றாலும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதன் தன்மையைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. குக்கரின் மூன்றாவது விசிலுக்காக ஒரு காதையும், அடுத்த அறையில் திடீரென நின்றுபோன விளையாட்டுச் சத்தத்துக்காக மற்றொரு காதையும் கொடுத்துவிட்டு உட்காரும் தாய், ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் அதில் யார் யாரிடம் பேசினார் என்று தெரியாமல் புத்தகத்தை மூடிவிடுகிறார். அத்தகைய மாலைகள் சில கழிந்ததும், தனக்குப் படிக்கும் ஆர்வமே போய்விட்டது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். இந்த முடிவு தவறானது. ஆர்வம் எங்கும் போய்விடவில்லை. ஆழ்ந்து வாசிக்கும் பழக்கம் பயன்படுத்தப்படாமல் தளர்ந்திருக்கிறது.

தளர்ந்த பழக்கத்தை மீட்க முடியும் என்பதற்கு, வாசிப்பையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட ஒருவரின் அனுபவம் சான்றாக உள்ளது. வாசிக்கும்போது மூளையில் நிகழ்வனவற்றை ஆராயும் அமெரிக்க அறிஞரான மேரியான் வுல்ஃப், இளமையில் தாம் மிகவும் நேசித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'கண்ணாடி மணி விளையாட்டு' நாவலை மீண்டும் படிக்க முயன்றபோது அதைப் படிக்கவே முடியாமல் திணறியதை, 2018-இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். பல ஆண்டுகளாகத் திரையில் வேகமாக மேய்ந்து பழகிய கண்கள், அந்த நீண்ட வாக்கியங்களின் மெதுவான நடைக்கு ஒத்துவரவில்லை. பின்னர் நாளொன்றுக்கு இருபது நிமிடம் மட்டும் என்று வரையறுத்துக்கொண்டு அதே நூலுக்குத் திரும்பிய அவருக்கு, பழைய வாசிப்பு முறை கைகூட ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. துறை வல்லுநருக்கே இந்த நிலை என்றால், பத்து ஆண்டுகளாகப் பள்ளிக் கைப்பேசிக் குழுவின் அறிவிப்புகளுக்கு அப்பால் எதையும் படிக்காத பெற்றோர் ஒருவர் முதல் நாளே தோற்றுப்போவதில் வியப்பில்லை. கவனிக்கத்தக்கது என்னவெனில், வுல்ஃப் தமக்கென ஒதுக்கிக்கொண்டது மணிக்கணக்கான தனிமையை அன்று. ஒருவேளைச் சோறு வேகும் அளவுக்கான நேரத்தையே.

இருபது நிமிட வாசிப்பு தமிழருக்குப் புதியதன்று. ஐந்து வயது கடந்த பருவத்திலேயே மணம் செய்விக்கப்பட்டு, எழுதப் பழகும் முன்னரே 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரைக் கொண்டு எழுதுவித்த வை. மு. கோதைநாயகி அம்மாள், 1925-இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கித் தம் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். அவரை விரும்பிப் படித்த பெண்களுக்கு, அடுப்படி வேலை முடிந்து மாலை விளக்கேற்றுவதற்கு முன்னுள்ள இடைவெளியே வாசிப்பு நேரமாக இருந்திருக்கும். பின்னர் வந்த வார இதழ்கள் இம்முறையைப் பெரும் தொழிலாகவே வளர்த்தெடுத்தன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடிந்தது, தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரன் வாரப்பதிப்பில் தொடராகவே வெளிவந்தது. இன்று கனத்த தொகுதிகளாக அலமாரியில் நின்று அச்சுறுத்தும் நூல்கள் பல, எழுதப்பட்ட காலத்தில் வாரத்துக்குச் சில பக்கங்களாகவே வாசகரின் கைக்கு வந்தன.

பொன்னியின் செல்வனின் அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பாகங்களிலுமாக 293 அத்தியாயங்கள் கொண்ட அந்நாவலில் பெரும்பாலான அத்தியாயங்கள் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு உண்டு. முடிவில் யாரோ கதவைத் தட்டுகின்றனர், அல்லது இருளில் ஓர் உருவம் தோன்றுகிறது. ஒரு வாரம் காத்திருக்கப் போகும் வாசகருக்குக் கதை மறந்துவிடாதபடி, நிகழ்ந்தவற்றை ஏதேனும் ஒரு பாத்திரத்தின் பேச்சின் வழியாகவோ ஆசிரியர் குறுக்கிட்டோ கல்கி அவ்வப்போது நினைவூட்டுகிறார். ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய இளைஞருக்கு இந்த நினைவூட்டல்கள் சலிப்பூட்டலாம். மூன்று நாட்களுக்குப் பிறகு மீண்டும் புத்தகத்தைத் திறக்கும் தந்தைக்கோ அவை பேருதவி. 2022-இலும் 2023-இலும் இதன் திரைவடிவம் இரண்டு பாகங்களாக வெளியானபோது ஆர்வத்தோடு ஐந்து தொகுதிகளையும் வாங்கி, முதல் பாகத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டவர்கள், ஒரு வார இறுதிக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தைக் கைவிட்டு நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்தால், பத்து மாதங்களில் முடித்துவிடலாம். அதன் முதல் வாசகர்களுக்கோ மூன்றரை ஆண்டுகள் ஆயின. அவர்களில் எவரும் தம்மை மந்தமான வாசகர் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அக்காலக் குடும்பங்களில் தொடர்கதைகளை இதழிலிருந்து தனியே பிரித்தெடுத்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அத்தகைய பைண்டு தொகுதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒரு வீட்டின் வாசிப்பு முறையே அதில் பதிந்திருப்பது தெரியும். காலிகோ துணி ஒட்டிய முதுகும், ஊசியால் குத்திச் சணல்நூல் கோத்த தையலும், அத்தையல் விழுங்கிவிட்ட ஓரத்துச் சொற்களும், ஓவியர் மணியத்தின் சித்திரத்துக்கு மறுபக்கத்தில் பாதியாக வெட்டுண்ட கேலிச்சித்திரமும், தைல விளம்பரமும், ஏதோ ஓர் இதழ் தவறிப்போனதால் அடுத்த வீட்டாரிடம் இரவல் வாங்கிக் கையாலேயே எழுதிச் சேர்த்த இரண்டு தாள்களும் அதில் இருக்கக்கூடும். அட்டைக்குள் பென்சிலால் எழுதிய பெயர்கள், அது தெருவில் யார் யார் வீட்டுக்குப் போய்வந்தது என்பதைக் காட்டும். வீட்டு வேலைகளுக்கு இடையில், கதையின் அடுத்த பகுதிக்குக் காத்திருந்து, அண்டை வீட்டாரோடு அதைப் பற்றிப் பேசிக்கொண்டே படித்தவர்களின் வாசிப்பு அது. இன்றைய பெற்றோர் இழந்தது அந்தக் காத்திருப்பையும் பேச்சையுமே என்று சொன்னால் மிகையாகாது. ஒரே நூலை ஒரே காலத்தில் படிக்கும் நண்பர் ஒருவர் கிடைத்தால், பாதியில் நிற்கும் புத்தகங்களின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

எதைப் படிப்பது என்பதில் பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. நெடுநாள் கழித்து வாசிக்க அமரும் பெற்றோர், அந்த நேரத்துக்கு நியாயம் கற்பிக்க வேண்டும் என்ற குற்றவுணர்வினால், குழந்தை வளர்ப்பு நூலையோ முன்னேற்ற நூலையோ எடுக்கின்றனர். அவற்றில் பயனுள்ளவை உண்டு. ஆனால் வாசிப்பின் இன்பத்தை மீட்க அவை ஏற்றவையல்ல, ஏனெனில் அவை பெற்றோரை மீண்டும் பெற்றோராகவே இருக்கச் சொல்கின்றன. சுஜாதாவின் துப்பறியும் கதையோ, அசோகமித்திரனின் சிறுகதையோ, ஆர். சூடாமணியின் சிறுகதையோ சிறிது நேரம் வேறொருவராக இருக்க இடம் தருகிறது. ஒரே அமர்வில் முடியக்கூடியது என்பது சிறுகதையின் இலக்கணமாகவே சொல்லப்படுவதால், துண்டு நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு தமிழே படிக்காமல் வளர்ந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் தயங்குகின்ற இளம் பெற்றோருக்கும் இதே வழிதான். அவர்களுக்கு வேகம் வரச் சற்றுக் கூடுதல் நாட்கள் ஆகும், அவ்வளவே.

இவ்விடத்தில் குழந்தைகளின் நூல்களையே பெற்றோருக்கான படிக்கட்டாகக் கொள்வதில் தவறில்லை. தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித்துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு சிறு கதை நூல்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிநிலைகளாக வகுத்தது. குழந்தை தன் திறனுக்கு ஏற்ற படியில் தொடங்கி மேலே செல்லலாம் என்பதே இதன் உட்கருத்து. பெரியவர்களுக்கு யாரும் இவ்வாறு படிகளை வகுத்துத் தருவதில்லை. ஆதலால் அவர்கள் நேரே 'பற' என்னும் படியில் காலை வைத்து விழுகின்றனர். குழந்தையின் கதைப் புத்தகத்தை இரவில் உரக்கப் படித்துக் காட்டும் தாயோ தந்தையோ தாம் வாசிப்பதாகக் கருதிக்கொள்வதில்லை என்றாலும், குரலை ஏற்றி இறக்கி, பேசுபவர் மாறும்போது தொனியை மாற்றி, ஒரு வாக்கியத்தின் முடிவை முன்கூட்டியே கண்ணால் தேடும் அந்தச் செயல் வாசிப்பின் எல்லா உறுப்புகளையும் பயிற்றுவிக்கிறது. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது தமிழில் பழைய வழக்கமே. 'அல்லியரசாணி மாலை' போன்ற பெரிய எழுத்துக் கதைகள் திண்ணைகளில் விளக்கொளியில் அப்படித்தான் படிக்கப்பட்டன. ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்குவதை வாசிப்பாகக் கொள்ளலாமா என்று ஐயுறுவோர், அந்தத் திண்ணைகளில் அமர்ந்து கேட்டவர்களை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

நூலைத் தேடி அடைவதிலும் பெற்றோரின் நேரம் கரைகிறது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சி. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதாகும். அலமாரிகளை வாசகரே அணுகித் தேர்ந்தெடுக்கும் திறந்த முறையை அவர் வற்புறுத்தியதும் இந்த நோக்கத்தோடு பொருந்துவதே. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியின் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகர் நூலகத்துக்கு வர இயலாதபோது நூலகம் வாசகரிடம் செல்லும் என்னும் எண்ணம் அப்போதே செயலாகிவிட்டது. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் வழியே வந்த நூலக வரி, இன்றும் சொத்து வரியோடு சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஆகவே வீட்டு வரி கட்டும் குடும்பம் ஒவ்வொன்றும், உறுப்பினராகச் சேராவிட்டாலும், அருகிலுள்ள கிளை நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2010-இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப் பகுதிகள் உள்ளன. குழந்தை அங்கே ஈடுபட்டிருக்கும் நேரத்தில் உடன் வந்தவரின் கையிலும் ஒரு நூல் இருக்கலாம்.

இவையனைத்தும் வசதிகளே. ஆனால் இவற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பு பெற்றோர் இருவருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதை மறைத்துவிட்டு வாசிப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றுக்குச் செலவிட, அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையே செலவிட்டனர். வீட்டிலுள்ளோரைப் பராமரிப்பதில் ஈடுபடுவோரிடையே இந்த அளவு பெண்களுக்கு 134 நிமிடங்களாகவும் ஆண்களுக்கு 76 நிமிடங்களாகவும் இருந்தது. தாய்க்குத் தேவைப்படும் இருபது நிமிடம் எங்கிருந்தோ முளைத்து வருவதன்று. பாத்திரம் கழுவுதல், சீருடை தேய்த்தல், குழந்தையைத் தூங்கவைத்தல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றை வேறொருவர் ஏற்கும்போதுதான் அது உண்டாகிறது. தந்தை செய்தித்தாளை விரித்தால் வீடு தானாகவே அமைதியாவதும், தாய் புத்தகத்தை எடுத்தால் அவர் சும்மா இருப்பதாகக் கொண்டு அடுத்த வேலை சொல்லப்படுவதும் பல குடும்பங்களில் இன்றும் காணக்கூடியவை. வாரத்தில் மூன்று இரவுகள் ஒருவர், மற்ற இரவுகள் மற்றவர் என்று குழந்தையைத் தூங்கவைக்கும் பொறுப்பை முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, முறையில்லாத இரவில் கூப்பிட்டாலும் எழுந்து போகத் தேவையில்லை என்று இருவரும் உடன்பட்டுவிட்டால், வுல்ஃபுக்கு வேண்டியிருந்த அந்த இருபது நிமிடம் இருவருக்கும் கிடைத்துவிடுகிறது.