உங்களுக்குத் தெரியுமா? பிரிக்காமலே படித்த ஏடு
கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை சீறியபோது ஹெர்குலேனியம் நகரத்து மாளிகையொன்றில் கரிந்து கட்டையாகி, 1752-இல் அகப்பட்டபின் பிரிக்க முயன்றவர் கைகளில் பலவும் பொடிந்து நாசமாக, எஞ்சிய பாப்பிரஸ் சுருள்களுள் ஒன்றின் சிறு பகுதியை, கென்டக்கி சர்வகலாசாலைப் பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் வகுத்த மார்க்கத்தைப் பின்பற்றி, எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டே விரிக்காமல் வாசித்துவிட்டார்கள்.

மையும் கரி, ஏடும் கரி. கதிருக்கு இரண்டிடையே பேதம் தெரிவது அபூர்வம். ஆயினும் மை காய்ந்த இடத்தில் காணும் நுண்ணிய வெடிப்புகளை இனங்காணக் கணினியைப் பழக்கி, 2024 பிப்ரவரியில் இதற்கென நடந்த போட்டியின் பெரும்பரிசு பெற்றவர்கள், பண்டிதர்கள் அல்லர், மாணவர் மூவர்!

அகப்பட்ட கிரேக்க வாசகமோ எபிகூரஸ் மரபைச் சார்ந்த தத்துவ விசாரம்: அரிதாய்க் கிடைக்கும் உணவு, தாராளமாய்க் கிடைப்பதைவிட அதிக இன்பம் தருமா என்று அதன் ஆசிரியர் ஆராய்கிறார்.