நின்றவர் அமரட்டும்

ஜும்ஆத் தொழுகையை முடித்துப் பள்ளிவாசலின் வாயிலுக்கு வருகிறீர்கள். கழற்றி வைத்த இடத்தில் செருப்பைக் காணவில்லை. ஒன்று படியோரத்திலும் மற்றொன்று சேற்றிலும் கிடக்கின்றன. சற்று முன்பு இறைவனைத் துதித்த அதே நாவின் நுனியில் ஒரு சுடுசொல் வந்து நிற்கிறது. பெருந்துன்பம் வரும்போது பொறுமையை நாடும் நாம், இத்தகைய சிறு எரிச்சல்களிடம்தான் அடிக்கடி தோற்றுப் போகிறோம்.

நபித்தோழர் அபூதர் அல்கிஃபாரி (ரலி) அவர்களுக்கும் அத்தகைய வேளை ஒன்று வந்தது. ஒரு நாள் அவர்கள் தம் நீர்த்தொட்டியில் நீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு மனிதர் வந்து தொட்டியை உடைத்துவிட்டார். நின்றுகொண்டிருந்த அபூதர் அவர்கள் அமர்ந்தார்கள். பிறகு தரையிலேயே படுத்துக்கொண்டார்கள். காரணம் வினவப்பட்டது. நிற்கும்போது கோபம் வந்தால் அமரவேண்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை எடுத்துரைத்தார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னத் இதனைப் பதிவு செய்திருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்! அபூதர் அவர்கள் கோபமே வராதவர் அல்லர். வந்துவிட்டதை வந்த கணத்திலேயே உணர்ந்துகொண்டார்கள். தொட்டியை உடைத்தவரைக் கவனிப்பதை விடுத்துத் தம் உள்ளத்தைக் கவனித்தார்கள். நிற்பவனின் உடல் பாய்வதற்கும் அடிப்பதற்கும் ஆயத்தமாக இருக்கிறது. அமர்ந்தவன் அதிலிருந்து ஒரு படி விலகுகிறான். படுத்தவன் மேலும் விலகுகிறான் என்பது இமாம் கத்தாபி (ரஹ்) அவர்கள் தரும் விளக்கம். ஷைத்தானை விட்டு இறைவனிடம் காவல் தேடி ஓதுவதும், உளூச் செய்வதும் இவ்வாறே சினத்துக்கும் செயலுக்கும் இடையே ஓர் இடைவெளியை உண்டாக்குகின்றன. இறைவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் விழிப்பு அந்த இடைவெளியில்தான் திரும்புகிறது.

ஆனால், வாயிலில் அடக்கிய கோபத்தை வீட்டில் பிள்ளையின் மீது இறக்கினால் பயன் என்ன? எதிர்த்துப் பேச இயலாதவரிடம்தான் நம் பொறுமையின் உண்மையான சோதனை இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலேயே அண்ணலாரின் பணிக்கு வந்தவர்கள். ஒரு வேலைக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவர், கடைத்தெருவில் விளையாடிய பிள்ளைகளிடம் நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கரம் அவரது பிடரியைப் பற்றியது. திரும்பினால், அண்ணலார் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! உனைஸ் என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டும் கேட்டார்கள். தாம் பணிபுரிந்த பத்தாண்டுகளில் அண்ணலார் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை என்று பிற்காலத்தில் அனஸ் அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

கோபத்தை அடக்கி மனிதர்களை மன்னிப்போரைத் திருக்குர்ஆன் (3:134) இறையச்சமுடையோரின் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. இன்று மாலை உங்கள் பிள்ளை பாலைச் சிந்திவிடலாம். சொன்ன வேலையை மறந்துவிடலாம். நின்றுகொண்டிருந்தால் முதலில் அமர்ந்துவிடுங்கள். பிறகு பேசுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பிள்ளையும் உங்களை நினைவுகூரும் அல்லவா?