மருந்து ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சலா? விடியும்வரை காத்திருக்காதீர்!



நுரையீரலில் புற்று என்று டாக்டர் சொன்னதும் வீடே கலங்கிப் போகிறது. மருந்து ஏற்றவேண்டும் என்றால், "ஐயோ, முடி கொட்டுமே, வாந்தி வருமே" என்று அடுத்த பயம். கொட்டிய முடி மறுபடி முளைக்கும். நீங்கள் உண்மையில் பயப்படவேண்டியது காய்ச்சலுக்கு.

சிறு செல் வகைப் புற்றுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஒன்று சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின், மற்றது எட்டோபோசைட். ஏன் இரண்டு? ஒவ்வொன்றும் புற்று செல்லை ஒவ்வொரு விதமாகத் தாக்கும். ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் மாட்டிக்கொள்ளும். பொதுவாக 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் 4 முதல் 6 சுற்று.

இம்மருந்துகள் வேகமாக வளரும் நல்ல செல்களையும் அடிக்கும். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. எலும்பு மஜ்ஜையும் அடிபடுவதால், 7 முதல் 14 நாளுக்குள் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். கிருமியை எதிர்க்க ஆளே இல்லாத நேரம் அது. அப்போது சீழும் வீக்கமும் தெரியாமல், காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம்.

நடு ராத்திரியில் உடம்பு சுட்டால், "பெனடோல் போட்டுப் படுங்க, விடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. 38 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, உடனே வண்டி பிடித்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். "கீமோ ஏற்றி இத்தனை நாள்" என்று முதலில் சொல்லி, சிகிச்சை அட்டையைக் காட்டுங்கள். கிருமிக்கொல்லி ஊசியை ஒரு மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது.

மற்றவற்றையும் கவனியுங்கள். வாந்தி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்துக்கு, வாந்தி வருமுன்பே போடவேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடியுங்கள். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ கேட்காமல் சாப்பிடவேண்டாம். காது இரைந்தாலும் விரல் மரத்தாலும் மறைக்காதீர்கள். சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள், அல்லது மருந்தையே மாற்றுவார்கள். சளி பிடித்த பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கை கழுவிச் சமைத்து, சூடாகச் சாப்பிடக் கொடுங்கள்.

இன்றே தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வண்டி எடுத்துவர யார் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.