ஒரே அண்டா, பல வீடு: கூட்டுச் சாப்பாட்டை நடத்தும் முறை

புனேயில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று இரண்டே பேர்தான். பிள்ளை பாஸ்டனில், பெண் சிங்கப்பூரில். "ரெண்டு பேருக்கு எதுக்குங்க குழம்பு, ரசம்?" என்று மோரும் ஊறுகாயுமாக ராத்திரியை முடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு அதுவும் இல்லை, பிஸ்கட்டும் டீயும்தான். பணம் இருக்கிறது, காய்கறி வாசலுக்கே வருகிறது; ஆனால் ஒரு ஆளுக்காக அடுப்பை மூட்ட மனசு வருவதில்லை. நான் இந்த விஷயத்தில் தலையிட்டது இதனால்தான்.

மேல்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1972இல் டென்மார்க்கில், ஹில்லரோட் நகருக்குப் பக்கத்தில், ஸேட்டடாமன் என்ற குடியிருப்பு எழுந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த வீடு, சொந்தச் சமையலறை உண்டு. அதற்கு மேல் எல்லோருக்குமாக ஒரு பொது வீடு, அதில் பெரிய சமையலறையும் சாப்பாட்டுக்கூடமும். இந்த யோசனையின் முன்னோடிகளில் ஒருவர் யான் குட்மன்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களான கேத்ரின் மெக்காமன்ட், சார்ல்ஸ் டரெட் இருவரும் 1988இல் எழுதிய நூலால் 'கோஹவுஸிங்' என்ற பெயர் பரவியது. தோட்டம், பட்டறை எல்லாம் இருந்தாலும், அந்தக் குடியிருப்புகளைக் கட்டிக் காப்பது ராத்திரிச் சாப்பாடுதான்.

அதன் சூட்சுமம் வெறும் கணக்கு. சமைக்கக்கூடியவர் 24 பேர் என்று வையுங்கள். மூன்று பேர் ஓர் அணி என்றால் எட்டு அணி. வாரம் மூன்று நாள் பொதுச் சாப்பாடு என்றால், ஓர் அணிக்கு முறை வருவது ஏறக்குறைய 19 நாளுக்கு ஒரு தடவை. ஒரு சாயங்காலம் உடம்பு நோகச் சமைத்தால் ஏழு சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரலாம். தினமும் எல்லோரும் அவரவர் வீட்டில் வெங்காயம் உரிப்பதைவிட இது எவ்வளவு லாபம் என்று நம் வீட்டுப் பெண்மணிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இது நம்ம ஊருக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு, இந்தப் புனேயையே சாட்சிக்குக் கூப்பிடலாம். பழைய புனேயில் 'வார்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. வெளியூரிலிருந்து படிக்க வந்த ஏழைப் பையனுக்கு ஏழு வீடு: திங்கள் ஒரு வீடு, செவ்வாய் வேறொரு வீடு. யாருக்கும் பெரிய பாரம் இல்லை. பையன் பட்டினியும் இல்லை. வீடு வீடாகப் போய்ச் சமைத்த உணவை வாங்கி வருவதற்கு 'மதுகரி' என்று பெயர். 1909இல் தொடங்கிய அனாத் வித்யார்த்தி கிருஹத்தின் ஆரம்ப காலப் பிள்ளைகள் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் இதில் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம். சாப்பிட்டவனுக்கு ஒரு கூச்சம் இருந்துகொண்டேதான் இருந்திருக்கும். அதனால் நாம் தேடும் மாதிரி இது அல்ல.

அதற்கு நெருக்கமானது வார்க்கரிகளின் 'திண்டி'. (மாலை நேரத்துத் திண்டி இல்லை, பாதயாத்திரைக் குழு!) ஜ்யேஷ்ட மாதத்தில் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்தும், துக்காராம் பல்லக்கு தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்குக் கிளம்புகின்றன. வழியில் புனேயில் ஒன்று பவானி பேட்டிலும் மற்றது நானா பேட்டிலும் தங்கும். ராஸ்தா பேட் பக்கம் இருந்த நம்மவர்கள் இதைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு திண்டிக்கும் தனிச் சமையல். ஆட்கள் முன்பணம் கட்டுகிறார்கள். அந்தச் சாப்பாட்டு ஏற்பாட்டுக்குப் பெயர் 'பிஷி'. மளிகையும் அண்டாவும் லாரியில் முன்னே போய்விடும். நடப்பவர்கள் அடுத்த முகாமுக்கு வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் இப்படியே.

ஆனால் இதிலும் ஒரு முள் இருந்தது. டெக்கான் கல்லூரியில் பணிபுரிந்த மானுடவியலாளர் இராவதி கார்வே ஒரு திண்டியுடன் நடந்து போனதை எழுதியிருக்கிறார். அதன் ஆங்கில வடிவம் 1962இல் வந்தது. பாட்டில் ஒன்று, நடையில் ஒன்று, ஆனால் பந்தியில் பிராமணர் தனி, மராத்தர் தனி. அவர் மராத்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மனம்விட்டுப் பேசினார்களாம். புனேக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால் அப்போதும் இப்படியே இருப்பீர்களா என்று ஒருத்தி கேட்டது அவரைச் சுருக்கென்று தைத்திருக்கிறது.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் 1922இல் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு போட்டார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். 1925இல் ஐயர் பொறுப்பைவிட்டு விலகினார். இரண்டு இலைதான், தமிழ்நாட்டு அரசியலே அதில் திசை திரும்பியது என்று சொல்வது மிகையல்ல.

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமைச் சாப்பாடு என்ற பேச்சு எழுந்ததும் முதலில் வந்த கேள்வி, சொல்லப்போனா, இதேதான். வேறு வேஷத்தில் வந்தது. "யார் சமைப்பாங்க?" என்று ஒருவர் கேட்டார். சமைக்கிற ஆள் போதுமா என்ற கவலை அதில் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. பதில் எளிது: எல்லோரும் சமைப்பார்கள், முறை வைத்து. அது கூடாது என்பவர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவருக்கென்று தனிப் பந்தி கிடையாது. ஒரு வீடு விலகியது. ஒன்பது வீடு நின்றது: ஐந்து தமிழ், மூன்று மராத்தி, ஒரு கன்னடம்.

அசைவத்தைப் பொது அண்டாவில் சேர்க்கவில்லை. இது உயர்வு தாழ்வால் அல்ல. சைவத்தை எல்லோரும் சாப்பிடலாம், அசைவத்தை எல்லோரும் சாப்பிட முடியாது, அவ்வளவுதான். அசைவம் சாப்பிடுபவர் கையால் சமைத்த சாம்பாரை அத்தனை பேரும் ஊற்றிக்கொள்கிறார்கள், அது முக்கியம். வெங்காயம், பூண்டு வேண்டாதவருக்கு அவை சேர்க்குமுன் ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறோம்.

அளவு கேட்பவர்களுக்கு: 28 பேருக்கு அரிசி இரண்டே கால் கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ. அரிசி குறைவாகத் தோன்றும். ஆனால் சப்பாத்தியும் உண்டு. அதைப் போளி-பாஜி கேந்திரத்தில் வாங்கிவிடுகிறோம். (புனேக்காரருக்குப் போளி என்றால் சப்பாத்தி. ஊரிலிருந்து புதிதாக வந்த மாமி ஒருவர் 'ஐம்பது போளியா!' என்று நெய்க் கிண்ணத்தோடு காத்திருந்தது தனிக்கதை.) நாலு பேர் சமையலை ஏழால் பெருக்கினால் 28 பேர் சமையல் ஆகாது. உப்பு, புளி, காரம் மூன்றையும் முக்கால் பங்கில் நிறுத்தி, ருசி பார்த்துக் கூட்ட வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீர் அவ்வளவாக வற்றாது, அதையும் குறைக்கணும். மிஞ்சிய சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும். அண்டாவிலேயே ராத்திரி முழுக்க விட்டால் கெட்டுப்போகும், வயிற்றைக் கெடுக்கும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் லிஃப்ட் பக்கத்திலுள்ள தாளில் பெயர் எழுத வேண்டும். செலவைப் பெரியவருக்கு ஒரு பங்கு, சிறுவருக்கு அரைப் பங்கு என்று பிரிக்கிறோம். பெரியவர் 22, சிறுவர் 6 என்றால் 25 பங்கு, ரூ.1750 ஆனால் தலைக்கு ரூ.70. யாரும் யாருக்கும் விருந்து வைக்கவில்லை என்பதால் 'வார்' பையனின் கூச்சம் இங்கே இல்லை. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் 81 வயதுப் பெரியவரால் நின்று சமைக்க முடியாது. அவர் உட்கார்ந்தபடியே தேங்காய் துருவுகிறார், எழுபது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்துவிடுகிறார்.

அணி பிரிக்கும்போது ஒரு வீட்டின் கணவனையும் மனைவியையும் ஒரே அணியில் போடுவதில்லை. போட்டால் அம்மா சமைப்பார், ஐயா ருசி மட்டும் பார்ப்பார். தனித்தனி அணியில் போட்ட பிறகு ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஒருவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். இப்போது ஆமட்டியும் வைக்கிறார், மராத்தி வீட்டார் குறை சொல்லாத அளவுக்கு. பாத்திரம் தேய்க்கும் பட்டியலில்தான் ஆண்கள் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.