பதுளையும் அபேட்சகர் தெரிவும்

தேர்தலின் முடிவு வாக்குச் சாவடியில் நிர்ணயிக்கப்படுகின்றதென்பது பொதுவான எண்ணம். அபேட்சகரைத் தெரியும் அறையிலும் பாராளுமன்றத்தைக் கலைக்கும் நாளிலும் அதிற் பெரும்பகுதி முடிந்துவிடுவதைப் பதுளையின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

1947ஆம் ஆண்டிற் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. அவற்றை இருவருக்குப் பகிரலாம், அன்றி ஒருவருக்கே இரண்டையும் அளிக்கலாம். சிறுபான்மையினரும் ஓர் ஆசனம் பெறவேண்டுமென்பதே இத்தகைய தொகுதிகளை வகுத்ததன் நோக்கம். இம்முறையிலே சிறுபான்மைக் கட்சிக்கு உகந்த வழி, ஒருவரை மட்டும் நிறுத்தி இரு வாக்குகளையும் அவருக்கே இடச் செய்தலாகும். இரண்டாமவரையும் நிறுத்தும் ஆசை இருவரையும் வீழ்த்திவிடும். அவ்வாண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா இங்கே வென்றார். நாடெங்கும் அக்கட்சி பெற்ற ஏழு ஆசனங்களுள் இதுவும் ஒன்று.

ஆனால் வாக்காளர் இடாப்பே வெறுமையாயின் அபேட்சகர் தெரிவாற் பயன் யாது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952 மார்ச்சில் டி. எஸ். சேனாநாயக்கா காலமானார். அவர்தம் மகன் டட்லி பிரதமராகி, நாட்டின் அனுதாபம் ஆறுமுன்னரே பாராளுமன்றத்தைக் கலைத்து மே மாதத்தில் தேர்தலை நடத்தினார். அதன் ஆயுள் முடியச் சில மாதங்களே எஞ்சியிருந்தன; எனினும் அச்சில மாதங்களின் பெறுமதியை அவர் கட்சி அறிந்திருந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 95 ஆசனங்களில் 54ஐப் பெற்றது. இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஒன்றேனுங் கிட்டவில்லை.

பிரசாவுரிமை மீள்வதற்கு நெடுங்காலஞ் சென்றது. அதற்குள் தேர்தல் முறையும் மாறிற்று. 1989 முதல் விகிதாசார முறையில், வாக்காளர் ஒரு கட்சியின் பட்டியலுக்கு வாக்களித்து, அதிலுள்ள மூவர் வரை விருப்பு வாக்கிடுகின்றனர். ஒருவருக்கே மூன்றையும் இடுதல் இயலாது. ஈண்டுக் கட்சியின் நலனும் சமூகத்தின் நலனும் பிரிகின்றன. பதுளை மாவட்டத்துக்கு ஒன்பது ஆசனங்கள். பட்டியலிற் பன்னிரு பெயர்கள். பசறை, ஹாலிஎல, அப்புத்தளை எனப் பகுதிக்கொருவராகத் தமிழ் அபேட்சகரைச் சேர்த்தாற் பட்டியலின் வாக்குப் பெருகும். ஆயின் விருப்பு வாக்குச் சிதறி, அவருள் எவரும் தெரிவாகாது போதல் கூடும். கட்சிக்கு அதனால் நட்டமில்லை, தோட்டத்துக்கே நட்டம்!

முற்கூட்டிய தேர்தல் இச்சிக்கலை இறுக்குகின்றது. 2024 செப்டெம்பர் 24இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அதன் ஆயுள் மறு ஆண்டுவரை இருந்தது. நியமனப் பத்திரங்கள் ஒக்டோபர் 4இல் ஏற்கத் தொடங்கப்பட்டு 11ஆந் திகதி முடிவுற்றன. தொழிற்சங்கங்கள் ஒன்றோடொன்று பேசி இணங்குவதற்கு அக்காலம் போதாது. ஜனாதிபதித் தேர்தலில் அப்போதே வென்றிருந்த கட்சிக்கோ அது வாய்ப்பான காலம். நவம்பர் 14ஆந் திகதி தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. பதுளையில் அதன் பட்டியலிலிருந்து அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய இரு தமிழர் தெரிவாயினர்.