கட்டம் போட்ட நோட்டில் பிறந்த ஐகான்கள்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் சாலிடேர் ஆடாதவர்கள் யாராவது இருப்பார்களா? அதில் வரும் ராஜா, ராணி, ஜாக்கி படங்களை மணிக்கணக்கில் பார்த்திருப்போம். ஆனால் அவற்றை வரைந்தது யார் என்று யோசித்திருக்க மாட்டோம். 1990-ல் விண்டோஸ் 3.0 வந்தபோது அந்தச் சீட்டுக்கட்டை வடிவமைத்துக் கொடுத்தவர் சூசன் கேர் என்ற அமெரிக்கப் பெண் ஓவியர். அதற்கு முன்பே, 1984-ல் வெளியான ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு ஐகான்களை வரைந்தவரும் இவர்தான்.

ஒரு சின்ன ஐகானுக்குப் போய் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றியது.

அப்பா அழித்த கணக்கு

அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடன் கணக்கைப் பதிந்து வைக்க அவருக்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே இரண்டு ஐகான்கள் இருக்கும். டிக் குறி, பில்லைச் சேமிக்க. பெருக்கல் குறி, தவறாகப் பதிந்த பில்லை அழிக்க. கடன் தீர்ந்ததைக் குறிக்க மேலே மெனுவில் தனியாக ஒரு வசதி வைத்திருந்தேன். சாப்ட்வேர் எழுதும் எங்களுக்குப் பெருக்கல் குறி என்றாலே டெலிட்தான். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, வாடிக்கையாளர் ஒருவர் தான் கட்டிய பணத்தின் விவரத்தைக் கேட்டார். திரையில் ஒன்றுமே இல்லை. அவருடையது மட்டுமல்ல, பணம் கட்டிய எல்லோருடைய பில்களும் காணாமல் போயிருந்தன.

“கடன் தீர்ந்தா நோட்டுல குறுக்கே அடிச்சிருவோம்ல தம்பி, அதான் அந்தக் குறிய அமுக்கினேன்” என்றார் அப்பா.

ஒவ்வொரு முறையும் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் டயலாக் பாக்ஸ் வந்திருக்கிறது. பணம் கைக்கு வந்தது நிச்சயம்தானே என்று அவரும் ‘யெஸ்’ கொடுத்திருக்கிறார். பேக்கப் எடுக்கும் வசதியை நான் சேர்க்கவில்லை. எனவே போன கணக்கு போனதுதான். “எனக்குத்தான் இதெல்லாம் புரியல, நோட்டே போதும்” என்று அப்பா பழைய நோட்டை எடுத்துக்கொண்டார். தப்பு செய்தவன் நான், பழியை ஏற்றுக்கொண்டவர் அவர்.

அதன் பிறகுதான் ஐகான்களைப் பற்றித் தேடிப் படித்தேன். சூசன் கேர் பற்றித் தெரிந்துகொண்டதும் அப்போதுதான்.

32-க்கு 32 கட்டம்

1982-ல் கேருக்கு அவருடைய பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்பெல்டிடமிருந்து போன் வந்தது. ஹெர்ட்ஸ்பெல்ட் மெக்கின்டாஷுக்கு சாப்ட்வேர் எழுதும் குழுவில் இருந்தார். கேர் கலைத் துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர். அந்தச் சமயத்தில் ஒரு மியூசியத்திற்காக இரும்பை வெல்டிங் செய்து ஆளுயரக் காட்டுப்பன்றி சிற்பம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் படம் வரைந்த அனுபவம் இல்லை.

கட்டம் போட்ட ஒரு நோட்டு வாங்கி, அதில் 32-க்கு 32 கட்டங்களை எடுத்துக்கொண்டு, தேவையான கட்டங்களைக் கறுப்பாக நிரப்பினால் போதும் என்றார் ஹெர்ட்ஸ்பெல்ட். கேர் அப்படியே செய்தார். சிரிக்கும் கம்ப்யூட்டர், கைக்கடிகாரம், பெயின்ட் வாளி எல்லாம் இந்த முறையில் உருவானவைதான். பல ஐகான்களின் முதல் வடிவத்தை அவருடைய நோட்டுகளில் பேனாக் கிறுக்கல்களாக இன்றும் பார்க்கலாம். 2015-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது.

ஏன் கட்டங்கள்? முதல் மெக்கின்டாஷின் திரை 512-க்கு 342 பிக்ஸல்கள் கொண்டது. ஒவ்வொரு பிக்ஸலும் கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். கறுப்பு என்றால் 1, வெள்ளை என்றால் 0. 32-ஐ 32-ஆல் பெருக்கினால் 1024 கட்டங்கள், அதாவது 1024 பிட்கள். எட்டு பிட்கள் ஒரு பைட் என்பதால் ஓர் ஐகானுக்கு 128 பைட்கள் போதும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ 3 எம்பி என்றால், அந்த இடத்தில் இப்படிப்பட்ட ஐகான்கள் 20 ஆயிரத்துக்கும் மேல் அடங்கும்.

இந்த வேலை கேருக்குப் புதிதாகத் தெரியவில்லை. துணியில் கட்டம் கட்டமாகத் தையல் போடுவதும், சிறு கற்களைப் பதித்து மொசைக் செய்வதும் இதே கணக்குதான் என்றார். புள்ளிக் கோலம் போடும் வீட்டில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

படத்தைவிட அர்த்தம் முக்கியம்

வரைவது பாதி வேலைதான். எதை வரைவது என்பதே பெரிய கேள்வி. மெனுக்களில் கீபோர்டு குறுக்குவழிகளைக் காட்ட முதலில் ஆப்பிள் சின்னத்தையே போட்டிருந்தார்கள். திரை முழுக்க நம் சின்னமா என்று ஸ்டீவ் ஜாப்ஸ் கோபப்பட்டார். கேர் சர்வதேசச் சின்னங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தைப் புரட்டி, நான்கு மூலைகளிலும் வளையம் கொண்ட ஒரு குறியைக் கண்டுபிடித்தார். சுவீடனில் பார்க்கத் தகுந்த இடங்களைக் காட்டும் பலகைகளில் வரும் குறி அது. மேக் கீபோர்டின் கமாண்ட் கீயில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

எல்லா யோசனையும் பலிக்கவில்லை. ‘காப்பி’ கட்டளைக்கு, கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பூனையை வரைந்து பார்த்தார். அதுபோல் செய்வதை ஆங்கிலத்தில் ‘காப்பிகேட்’ என்பார்கள். அந்தச் சொல் தெரியாதவருக்கு அது வெறும் பூனைதான். ஐகான் ஓவியமாக இருப்பதைவிடச் சாலை ஓரப் பலகை போல இருக்க வேண்டும் என்பது கேரின் கருத்து. பார்த்த உடனே புரிய வேண்டும், புரிந்தது மறக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் செயலிழக்கும்போது தோன்றும் வெடிகுண்டுப் படமும் அவருடையதுதான். அதைப் பயன்படுத்துபவர்கள் பார்க்கப் போவதே இல்லை என்று சொல்லித்தான் வரைய வைத்தார்களாம். யாரும் தவறாக அமுக்க மாட்டார்கள் என்று நான் நினைத்ததும் இதே ரகம்தான்.

மறுபடியும் நோட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டம் போட்ட நோட்டுடன் அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். “கடன் தீர்ந்தா என்ன செய்வீங்க, வரைஞ்சு காட்டுங்கப்பா” என்றேன். நாலு வரி எழுதிக் குறுக்கே ஒரு கோடு போட்டார். “தப்பா எழுதிட்டா?” “அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுருவேன்.” அவ்வளவுதான், இரண்டு ஐகான்களும் கிடைத்துவிட்டன. குறுக்கே கோடு போட்ட தாள், கடன் தீர்ந்தது. பாதி கிழிந்த தாள், பில்லை அழிப்பது. பேக்கப் வசதியையும் சேர்த்தேன். அப்பா ஒரு வாரம் நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் சேர்த்தே எழுதினார். இப்போது நோட்டு டிராயரில் இருக்கிறது. ஆனால் அதை அவர் தூக்கிப் போடவில்லை.

நீங்களும் வரையலாம்

1. முதலில் நோட்டில் 32-க்கு 32 கட்டம் எடுத்துப் பென்சிலால் வரையுங்கள். ஒரே பொருளுக்கு நான்கைந்து விதமாக முயன்று பாருங்கள்.

2. பெயின்ட் புரோகிராமைத் திறந்து கண்ட்ரோல் + இ அழுத்துங்கள். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் பிக்ஸல் என்பதைத் தேர்ந்தெடுத்து, அகலம், உயரம் இரண்டிலும் 32 என்று கொடுங்கள்.

3. படத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வியூ மெனுவில் கிரிட்லைன்ஸ் வசதியை இயக்குங்கள். நோட்டில் இருப்பது போலவே கட்டங்கள் தெரியும்.

4. பென்சில் டூலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்புங்கள். அவ்வப்போது 100 சதவீதத்துக்கு மாற்றி, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாக இருப்பது சிறிதாகும்போது கறுப்புத் திட்டாகிவிடலாம்.

5. பிஎன்ஜி பைலாகச் சேமித்து, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் சாப்ட்வேரில் திறந்து, ஐகோ பார்மேட்டில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பின்னர் ஏதாவது ஒரு போல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகான் என்று சென்று உங்கள் ஐகானைப் பொருத்தலாம்.

6. கடைசியாக, வீட்டில் உள்ள ஒருவரிடம் அதைக் காட்டி, “இதை அமுக்கினால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். நீங்கள் எதுவும் விளக்கக் கூடாது. அவர் வேறு பதில் சொன்னால் திருத்த வேண்டியது ஐகானைத்தான், அவரை அல்ல.